எட்டாயிரம் ரூபாய் கட்டுவதற்கு முன்: விருத்தாசலத்துத் தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் விருத்தாசலத்துத் தங்கைகளுக்கு,



போன வாரம் உங்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருத்தி போனை நீட்டினாள். அதில் ஒரு விளம்பரம். ‘வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். டைப்பிங் தெரிந்தால் போதும். பயிற்சியும் வேலையும் உறுதி. பதிவுக் கட்டணம் 8,000 ரூபாய்.’ “கட்டலாமாக்கா?” என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். உங்கள் முகம் வாடியது. காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு மனசு சரியில்லை. அந்த வேலையைத்தான் நான் 2001-ல் சென்னையில் தொடங்கினேன். எட்டு வருடம் அலுவலகத்தில் செய்தேன். பிறகு இந்த ஊருக்குத் திரும்பி, கிணற்றடியைப் பார்த்த சின்ன அறையில் உட்கார்ந்து அதையே செய்துவருகிறேன். அப்பாவின் மருந்துச் செலவும் தம்பியின் படிப்பும் அதில்தான் நடந்தன. அப்படிப்பட்டவள் ஒற்றை வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது நியாயமில்லை. நான் வேண்டாம் என்றது அந்த எட்டாயிரத்தை. வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்கள் மூன்று பேருக்கு வந்த விளம்பரம் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கு வந்திருக்கும். பீங்கான் தொழிற்பேட்டையில் பினிஷிங் வேலைக்குப் போகும் அம்மாவின் கூலியில் படித்தவர்கள் பலர் அவர்களில் இருப்பார்கள். அதனால்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததையெல்லாம் ஒலிப்பதிவு செய்கிறார். என்ன தொந்தரவு என்று வந்தார், முன்பு என்னென்ன நோய் இருந்தது, நாடித்துடிப்பு எத்தனை, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, என்ன ஆபரேஷன், எந்த மருந்து எத்தனை வேளை என்று பேசிக்கொண்டே போகிறார். அந்தக் குரல் நம் கம்ப்யூட்டருக்கு வருகிறது. காதில் ஹெட்போன், காலடியில் தையல் மெஷின் மிதிபோல ஒரு பெடல். அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிற்பார், பின்பக்கம் அழுத்தினால் இரண்டு சொல் பின்னே போவார். கேட்டு, புரிந்து, அவர்களுடைய மருத்துவமனை எதிர்பார்க்கும் வடிவத்தில் அறிக்கையாக்கிக் கொடுக்கவேண்டும். அங்கே இரவு என்றால் இங்கே பகல். மாலையில் அவர் பேசிவிட்டுப் போனது மறுநாள் காலை அவர் மேஜையில் அறிக்கையாக இருக்கும். இந்தக் கடிகார வித்தியாசத்தை வைத்துத்தான் 1990-களில் இந்தத் தொழில் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூர், சென்னை, ஹைதராபாத் என்று பரவியது.

விளம்பரம் சொல்கிற ‘டைப்பிங் தெரிந்தால் போதும்’ என்பதுதான் முதல் பொய். அதை விளக்க இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். ஒன்று சின்னது, என்னுடையது. இன்னொன்று பெரியது, உலகத்துக்கே தெரிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். டாக்டர் வேகமாகப் பேசுகிறவர், பின்னால் வேறு ஏதோ மெஷின் சத்தம். ‘ஹைப்போடென்ஷன்’ என்று அவர் சொன்னதை நான் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்று அடித்துவிட்டேன். முன்னது ரத்த அழுத்தம் தாழ்ந்துபோவது, பின்னது ஏறுவது. எனக்கு மேலே இருந்த எடிட்டர் அக்கா அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை. “நாலு வரிக்கு மேல நீயே என்ன டைப் பண்ணியிருக்கே, படி” என்றார். படித்தேன். ரத்த அழுத்தம் 80/50 என்று நானே அடித்திருந்தேன். அவ்வளவு தாழ்ந்த அழுத்தம் உள்ளவருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று எப்படி எழுத முடியும்? என் விரல் 80/50-ஐ அடித்தது, ஆனால் என் புத்தி அதைப் படிக்கவில்லை. அன்றைக்குத்தான் இது விரலுக்குரிய வேலை மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது.

பெரிய சம்பவம் 2008-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்தது. சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்மணி. மருத்துவமனையிலிருந்து, உடல் தேறும்வரை தங்கிச் சிகிச்சை பெறும் இன்னொரு இடத்துக்கு மாற்றப்படுகிறார். டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒலிப்பதிவு செய்கிறார். லெவிமிர் இன்சுலின், 8 யூனிட். அந்தப் பதிவு இந்தியாவில் டைப் செய்யப்பட்டது. அறிக்கையில் 80 யூனிட் என்று விழுந்தது. டாக்டர் படித்துக் கையெழுத்துப் போடும் முன்பே அந்த அறிக்கை அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்த நர்ஸ், அறிக்கையில் இருந்தபடி 80 யூனிட் போட்டார். அந்தப் பெண்மணி பிழைக்கவில்லை. வழக்கு நடந்தது. 2012 டிசம்பரில் ஜூரி 140 மில்லியன் டாலர் நஷ்ட ஈடு விதித்தது.

எங்கோ ஒரு ஊரில், நம்மைப்போல ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டார். அவரை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். தரம் பார்க்கவேண்டியவர், கையெழுத்துப் போடவேண்டிய டாக்டர், பத்து மடங்கு அளவைக் கண்டும் யோசிக்காமல் ஊசி போட்டவர் என்று வழியில் எத்தனையோ பேர் அதைத் தடுத்திருக்கலாம். ஆனால் முதல் கை நம் கை. இன்சுலின் அளவு காதில் விழும்போதெல்லாம் இன்றைக்கும் நான் பெடலைப் பின்னால் அழுத்தி இரண்டாம் முறை கேட்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-லேயே ஒரு தடைப்பட்டியல் போட்டிருந்தது. யூனிட் என்பதை யு என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்கக்கூடாது, அது பூஜ்யம்போலத் தெரியும். 1 மில்லிகிராமை 1.0 என்று எழுதக்கூடாது, புள்ளி மறைந்தால் பத்தாகிவிடும். இவையெல்லாம் யாரோ பட்ட பிறகு வந்த விதிகள். பயிற்சி என்றால் இதைச் சொல்லித்தரவேண்டும்.

ஒலியில் மட்டும் எத்தனை பொறிகள் இருக்கின்றன தெரியுமா? விழுங்க முடியாமல் போவது டிஸ்பேஜியா, பேச்சு வராமல் போவது டிஸ்பேசியா. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இலியம் என்று பெயர், இடுப்பெலும்புக்கும் இலியம் என்று பெயர். ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், காதுக்கு வித்தியாசமே கிடையாது. டாக்டர் வயிற்றைப் பற்றிப் பேசுகிறாரா, எலும்பைப் பற்றிப் பேசுகிறாரா என்று தெரிந்தால்தான் எழுத்தைத் தீர்மானிக்க முடியும். செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு. பிஃப்டீனும் பிஃப்டியும் எப்போதும் தகராறுதான். இதோடு, பேசுகிற டாக்டர் அமெரிக்கராகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பிலிப்பைன்ஸ்காரர், கொரியாக்காரர், நைஜீரியர், நம் ஆந்திராக்காரர் என்று ஒவ்வொருவர் ஆங்கிலமும் ஒரு தினுசு.

இந்த இடத்தில் உங்கள் அம்மாக்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். சூளையிலிருந்து இறங்கிய ஜாடியை அவர்கள் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்றாக வெந்த பீங்கான் மணிபோல ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் ஓசை மங்கிவிடும். கண்ணுக்குத் தப்பிய விரிசலைக் காது பிடித்துவிடும். சந்தேகம் வந்தால் அந்த ஜாடியை நல்ல சரக்கோடு சேர்க்கமாட்டார்கள், தனியாக ஒதுக்கி வைப்பார்கள். என் தொழிலில் இதே செயலுக்குப் பெயர் ‘பிளாங்க்’. ஒரு சொல் புரியவில்லை என்றால் ஊகித்து எழுதக்கூடாது. கோடு விட்டு, ஒலிப்பதிவில் எந்த நொடியில் அது வருகிறது என்று குறித்து அனுப்பவேண்டும். புதிதாக வருகிறவர்கள் பிளாங்க் விட வெட்கப்படுவார்கள். எதையாவது பொருத்தமாக நிரப்பிவிடத் தோன்றும். நான் எத்தனையோ புதியவர்களின் அறிக்கைகளைத் திருத்தியிருக்கிறேன். கூச்சப்படாமல் பிளாங்க் விட்டவர்கள்தான் இரண்டு வருடத்தில் நல்ல எடிட்டர்களானார்கள்.

இனி, கேட்கக் கஷ்டமான ஒன்று. இந்தத் தொழில் நான் நுழைந்தபோது இருந்த அளவில் இப்போது இல்லை. 2009-ல் அமெரிக்கா ஹைடெக் சட்டம் கொண்டுவந்து, மருத்துவமனைகள் மின்னணுப் பதிவுகளுக்கு மாற ஊக்கத்தொகை கொடுத்தது. டாக்டர்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தாங்களே நிரப்ப ஆரம்பித்தார்கள். அதோடு பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. அதில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022-ல் வாங்கியது. இப்போது டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வதையே கேட்டுக் குறிப்பு எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. டாக்டர் தனியாக ஒலிப்பதிவு செய்யவேண்டிய தேவையே குறைகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையும் இந்த வேலைகள் குறையும் என்றுதான் கணித்திருக்கிறது.

இது நம் ஊருக்குப் புதிய கதை இல்லை. வீட்டுக்கு வீடு மின்பலகையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர் இருந்த காலம் உங்கள் அப்பாக்களுக்கு நினைவிருக்கும். எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு அதற்கு இருந்த தேவை எப்படிச் சரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். நெய்வேலி மண்ணும் சூளையும் கைப்பழக்கமும் அப்படியேதான் இருந்தன. அகல்விளக்கும் பொம்மையும் செய்யத் தெரிந்தவர்கள் தாக்குப் பிடித்தார்கள். பியூஸ் கேரியர் ஒன்றையே நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டமானது.

என் தொழிலிலும் அதேதான் நடக்கிறது. வெறுமே கேட்டு அடிக்கிற வேலை சுருங்கிக்கொண்டே வருகிறது. மெஷின் எழுதியதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துகிற வேலை இருக்கிறது. நானே பல வருடமாக எடிட்டிங்தான் பார்க்கிறேன். மெஷின் செய்யும் தப்பு மனிதத் தப்பைவிட ஆபத்தானது. மனிதர் தப்பாக அடித்தால் வாக்கியம் கோணலாக நிற்கும், கண்ணில் படும். மெஷினின் தப்பு இலக்கணம் பிசகாமல் அழகாக நிற்கும். விஸ்பர் என்ற பிரபலமான மென்பொருளைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் அவருடைய சகாக்களும் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 1 சதவீத ஒலித்துண்டுகளில், பேசியவர் சொல்லவே சொல்லாத சொற்றொடர்களை அது தானாக எழுதியிருந்தது. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் வந்த இடங்களில் இது அதிகம். நூற்றில் ஒன்று என்றால் சின்னதாகத் தோன்றும். அந்த ஒன்று யாருடைய இன்சுலின் அளவாக இருக்கும் என்பதுதான் கேள்வி. அதைப் பிடிக்க மருத்துவம் புரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் நீங்கள் வரவேண்டும். டைப்பிஸ்டாக வராதீர்கள்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். நம் பழமலைநாதர் கோயில் வன்னிமரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். விபசித்து முனிவர் திருப்பணி செய்தவர்களுக்கு வன்னி இலையை அள்ளிக் கொடுத்தார், அவரவர் உழைத்த உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னானது என்பார்கள். எங்கள் கூலியும் அந்த மாதிரி உழைப்புக் கணக்குதான். வரிக்கு இவ்வளவு என்று பேச்சு. வரி என்றால் திரையில் தெரியும் வரி கிடையாது. இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி என்பது இந்தத் தொழிலில் பரவலான கணக்கு.

கணக்குப் புரிவதற்காக வரிக்கு 50 பைசா என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவருக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவை முடிக்கவே வெகுநேரம் ஆகும். அகராதி பார்க்கவேண்டும், மருந்துப் பெயர் தேடவேண்டும், திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தால் 150 வரி தேறலாம். 75 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 1,875 ரூபாய். கை பழகி நாளுக்கு 1,000 வரி வரும்போது அதே விலையில் 12,500 ரூபாய். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை வருடம் இருக்கிறது. எடிட்டிங் என்றால் வரிக்கூலி பாதிக்குப் பக்கமாக இறங்கும், வரிகள் அதிகமாகும். முதல் மாதமே 25,000 என்று சொல்கிறவர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டட்டும். வரிக்கு எத்தனை, வரி என்றால் எத்தனை எழுத்து, தப்புக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், எத்தனை நாளில் பணம் வரும், வேலை வராத நாளுக்கு என்ன? இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவர் எரிச்சல்பட்டால், அதுவே பதில்.

இப்போது அந்த எட்டாயிரம். வேலை கொடுக்கிற எந்த நல்ல நிறுவனமும் வேலைக்காக உங்களிடம் பணம் வாங்காது. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கும் நேர்மையான நிலையங்கள் உண்டு. ஆனால் அவை ஒரு வகுப்பைக் காட்டும், பாடத்தைக் காட்டும், முன்பு படித்துப் போனவர்களோடு பேசவிடும். பதிவுக் கட்டணம், மென்பொருள் கட்டணம், பாதுகாப்பு வைப்பு என்று முதலிலேயே கேட்பது வேறு ரகம். நான் நுழைந்த காலத்திலேயே இது உண்டு. அப்போது தெருவுக்குத் தெரு முளைத்த பயிற்சி நிலையங்களில் பணம் கட்டிச் சான்றிதழோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். இன்றைக்கு வாடகைக் கட்டடம்கூட வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் எண் போதும்.

இதைவிடக் கொடிய வகை ஒன்று இருக்கிறது. பணம் கேட்கமாட்டார்கள். ஒரு ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்குவார்கள், ஆதார் நகல் வாங்குவார்கள். ஐந்து நாளில் இத்தனை நூறு பக்கம் என்று டைப்பிங் வேலை கொடுப்பார்கள். கண் விழித்து முடித்து அனுப்பினால், தரம் போதவில்லை என்பார்கள். அடுத்து வக்கீல் பெயரில் நோட்டீஸ் வரும். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இத்தனை ஆயிரம் கட்டுங்கள், இல்லையென்றால் கோர்ட், போலீஸ் என்று மிரட்டுவார்கள். வீட்டில் சொல்லப் பயந்து, தோட்டை அடகு வைத்துக் கட்டிய பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். தங்கைகளே, அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். 1930 என்ற எண் சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்த வாய்ப்பு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுகிற ஊர் நம்முடையது. அநியாயம் நடந்தால் எழுதிக் கொடுத்து முறையிடுவது நமக்குப் பழக்கமானதுதான். அதே தைரியத்தோடு போலீசிலும் எழுதிக் கொடுங்கள்.

கட்டிய பணம் திரும்பும் என்று நம்பாதீர்கள். சுந்தரர் நம் ஊர்ப் பழமலைநாதரிடம் வாங்கிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பார்கள். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஆற்றில் போட்டது ஆற்றோடு போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். கொடுத்தவர் கடவுளே ஆனாலும், பொன்னில் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டிக் கையில் வைத்திருந்து, குளத்தில் எடுத்ததோடு மாற்று உரைத்துப் பார்த்துத்தான் வாங்கினார் அவர். முகம் தெரியாதவர் தரும் வாக்குறுதியை நாமும் உரைத்துப் பார்க்கலாம், தப்பில்லை.

வீட்டிலிருந்து வேலை என்றதும் எல்லோருக்கும் ஒரு கற்பனை வருகிறது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, உலையை ஏற்றிவிட்டு, நடுவே கொஞ்சம் டைப் பண்ணலாம் என்று. நடக்காது. ஒரு அறிக்கைக்கு இத்தனை மணி நேரம் என்று கெடு உண்டு, அவசர அறிக்கை என்றால் இன்னும் குறைவு. குக்கர் விசில் அடிக்கும்போது பிஃப்டீனா பிஃப்டியா என்று பிரித்தறிய முடியாது. எனக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. அதைப் பெற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. “கம்ப்யூட்டர் முன்னாடி சும்மாத்தானே உக்காந்திருக்கே, கொஞ்சம் இந்தப் பூவைக் கட்டு” என்று வீட்டில் சொல்வார்கள். முதல் ஒரு வருடம் கட்டினேன், இரவில் கண் விழித்து வேலையை முடித்தேன். பிறகு ஒருநாள் சம்பளப் பட்டியலைச் சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் வைத்து, காலை ஏழிலிருந்து மதியம் ஒன்றுவரை நான் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்போதுதான் கதவு சாத்திக்கொள்ள முடிந்தது. அம்மாமார்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: நீங்கள் எட்டு மணிக்குத் தொழிற்பேட்டைக்குள் போன பிறகு யாரும் உங்களைக் கறிகாய் நறுக்கக் கூப்பிடுவதில்லை. மகளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

கதவு அமைதிக்கு மட்டும் அல்ல, ரகசியத்துக்கும் வேண்டும். திரையில் இருப்பது யாரோ ஒருவருடைய கர்ப்பம், புற்றுநோய், மனநோய், குடி. அமெரிக்காவில் 1996-ல் வந்த ஹிப்பா சட்டம் அதைக் காக்கிறது, இங்கே 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. படம் எடுப்பதோ, தோழியிடம் சுவாரசியமாகச் சொல்வதோ கூடாது. 2003-ல் ஒரு சம்பவம். சான் பிரான்சிஸ்கோவின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்று கொடுத்த வேலை, ஒருவர் கைமாற்றி இன்னொருவர், அவர் இன்னொருவர் என்று போய்க் கடைசியில் கராச்சியில் ஒரு பெண்ணிடம் சேர்ந்திருந்தது. அவருக்குக் கூலி வரவில்லை. பொறுத்துப் பார்த்தவர், பணம் வராவிட்டால் நோயாளிகளின் பதிவுகளை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று மருத்துவமனைக்கே மின்னஞ்சல் அனுப்பினார். தன் வேலை அங்கே செய்யப்படுவது மருத்துவமனைக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த மிரட்டல் தப்பு, சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் கோபம் எனக்குப் புரிகிறது. இத்தனை கை மாறி வரும் வேலையில், கடைசிக் கைக்குக் கூலியும் கொஞ்சம், பாதுகாப்பும் கிடையாது. அதனால் உங்களுக்கு வேலை தருகிறவர் நேராக மருத்துவமனையோடு ஒப்பந்தம் செய்தவரா, இல்லை மூன்றாம் கையா என்று கேளுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? பணம் இல்லாமலே முதல் மூன்று மாதத்தை ஓட்டலாம். உங்கள் வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஜிப்மர் மருத்துவமனைக் கோப்பு கட்டாயம் இருக்கும், தாத்தாவுடையதோ அப்பாவுடையதோ. அவரிடம் கேட்டுக்கொண்டு அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுப்பது, ‘ஆஸ்டமி’ என்றால் திறப்பு உண்டாக்குவது. இப்படி நூறு முன்னொட்டும் பின்னொட்டும் தெரிந்தால் ஆயிரம் சொல் பிடிபடும். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களின் ஆங்கில உரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் ஐந்து நிமிடம் கேட்டு எழுதி, பிறகு திரும்ப ஓட்டிச் சரிபாருங்கள். திரையைப் பார்த்தே டைப் அடிக்கப் பழகுங்கள். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது பயிற்சிக்குச் செலவு செய்யலாமா என்று யோசிக்கலாம். இந்தத் தொழிலுக்கு 1978-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, இப்போது அதன் பெயர் ஏ.எச்.டி.ஐ. அது நடத்தும் ஆர்.எச்.டி.எஸ். தேர்வின் பாடத்திட்டத்தைப் பார்த்தாலே, எதையெல்லாம் படிக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதல் வருடம் முடிந்தால் அலுவலகத்துக்குப் போய் வேலை பாருங்கள். பக்கத்தில் எடிட்டர் அக்கா உட்கார்ந்து “நாலு வரிக்கு மேல படி” என்று சொல்வது வீட்டில் கிடைக்காது. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்திய பிறகு வீட்டு வேலை நிறுவனங்களுக்கு எளிதாகிவிட்டது. ஆனால் கை பழகியவரைத்தான் நம்பி வீட்டுக்கு அனுப்புவார்கள். பாண்டிச்சேரி, கடலூர், திருச்சிப் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் ஸ்கேன் சென்டர்களிலும் அறிக்கை டைப் செய்ய ஆள் வைக்கிறார்கள். சம்பளம் சுமார்தான், ஆனால் அந்த அனுபவம் உங்களோடு வரும். விலங்கியல், தாவரவியல், நர்சிங் படித்தவர்கள் மெடிக்கல் கோடிங்கையும் பாருங்கள். மருத்துவமனைப் பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடுகிற வேலை அது. சென்னையிலும் திருச்சியிலும் ஆள் எடுக்கிறார்கள். நான் இப்போது இருபது வயதுக்காரியாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே படிப்பேன்.

உங்களில் சிலருக்கு இது ஒத்துவராது. மூன்று மாதம் கேட்டு எழுதிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தோன்றினால் விட்டுவிடுங்கள். ஒரு ரூபாய் நஷ்டமில்லை, அப்பாவின் கோப்பை நீங்களே படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தேறியிருப்பீர்கள்.

அந்த எட்டாயிரத்தைக் கட்டாதீர்கள். அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள், போன வாரம் வந்தவர்களும் வராதவர்களும். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு நோட்டும், சொந்தமாக ஒரு ஹெட்போனும் கொண்டு வாருங்கள். முதல் பாடம் பிளாங்க் விடுவது.

அன்புடன்,
உங்கள் அக்கா